விசைகள் சமமான பிறகும் பாராசூட் வீரர் ஏன் விழுந்துகொண்டே இருக்கிறார்?

கேள்வி இது: "விமானத்திலிருந்து குதிப்பவரின் எடையும் காற்றுத் தடையும் ஒரு கட்டத்தில் சமமாகிவிடும் என்று படித்தேன். சமமாகிவிட்டால் அவர் அந்தரத்தில் நின்றுவிட வேண்டாமா? ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறாரே! பாராசூட் விரிந்ததும் மேலே போவது எப்படி? சமன்செய்யப்பட்ட விசை, சமன்செய்யப்படாத விசை இரண்டும் இயக்கத்தை என்ன செய்கின்றன என்று புரியும்படி சொல்ல முடியுமா?"

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகள் சமமாகிவிட்டால், அந்தக் கணத்தில் அதன் திசைவேகம் (வேகமும் திசையும் சேர்ந்தது) என்னவோ அதுவே நீடிக்கும். நின்றுகொண்டிருந்தால் நின்றபடியே இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரில் விழுந்துகொண்டிருந்தால் அதே 200-ல் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிறவரை நிறுத்த வேண்டுமென்றால் மேல்நோக்கிய விசை அவருடைய எடையைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். அதாவது விசைகள் சமமாக இருக்கக் கூடாது. ஓட்டிவிடுவதற்கு மட்டுமல்ல, நிறுத்துவதற்கும் சமன்செய்யப்படாத விசை வேண்டும்.

இது மனதுக்கு எளிதில் ஒப்பாது. காரணம், நாம் உராய்வுக்கு நடுவே வாழ்கிறோம். சமதரையில் சைக்கிளை மிதிப்பதை விட்டால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும், விசை போனால் ஓட்டமும் போய்விடும் என்று சின்ன வயதிலேயே முடிவுகட்டி விடுகிறோம். அரிஸ்டாட்டில் தொடங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய அறிஞர்கள் பலரும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில், மிதிப்பதை விட்ட பிறகு சைக்கிளின் மேல் விசையே இல்லாமல் போய்விடவில்லை. தரையும் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்த மிதி மட்டும் விலகிவிட்டது. சமனாக இருந்த விசைகளில் ஒன்று போனதும் பின்னோக்கிய விசை மிஞ்சுகிறது, அதுதான் சைக்கிளை நிறுத்துகிறது. சீரான வேகத்தில் போகும்போது நீங்கள் மிதிப்பது தடையை ஈடுகட்டத்தான். அந்தத் தடை மட்டும் இல்லாதிருந்தால் மிதிக்கவே தேவையில்லை. கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து இந்த முடிவுக்கு அருகில் வந்தார். நியூட்டன் 1687-ல் இதை இயக்கத்தின் முதல் விதியாக எழுதி வைத்தார்.

சரி, இப்போது வானத்துக்குப் போவோம். பாடப்புத்தகத்தில் வரும் பெயரில்லாத பாராசூட் வீரருக்குப் பதிலாக, அளவுகள் எல்லாம் முறையாகப் பதிவான ஒரு குதிப்பை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2012 அக்டோபர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊருக்கு மேலே, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் 38,969 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். அவரை மேலே கொண்டுபோனது ஒரு ஹீலியம் பலூன். முழுதாக விரிந்தால் 8 லட்சம் கன மீட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. சராசரி பார்த்தால் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அந்த ஏற்றத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பலூனின் மிதப்பு விசை மேல்நோக்கி, மொத்த எடையும் காற்றுத் தடையும் கீழ்நோக்கி. பெரும்பாலான நேரம் இவை ஏறக்குறைய சமம். சமமாக இருந்தும் பலூன் மேலே போய்க்கொண்டிருந்தது. "மேலே போகிறதென்றால் மேல்நோக்கிய விசை அதிகமாக இருக்க வேண்டுமே" என்று மாணவர்கள் கேட்பார்கள். தரையிலிருந்து கிளம்பும்போது சிறிது நேரம் அதிகமாக இருந்தது, அதனால்தான் ஏறும் வேகம் வந்தது. வேகம் வந்த பிறகு அதைக் காப்பாற்ற உபரி விசை எதுவும் தேவையில்லை.

இப்போது குதிக்கிறார். உடை, ஆக்சிஜன், பாராசூட் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலும் புவியீர்ப்பு பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை, தரையில் இருப்பதைவிட ஒரு சதவீதம் சொச்சம்தான் குறைவு. அதனால் அவருடைய எடை ஏறக்குறைய 1,160 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு). காலை எடுத்த அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம், காற்றுத் தடையும் பூஜ்யம். ஆக 1,160 நியூட்டனும் கீழ்நோக்கிய தொகுபயன் விசையாக, அதாவது எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்த பின் மிஞ்சும் நிகர விசையாக நிற்கிறது. நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும்: ஒவ்வொரு நொடியும் அவர் வேகம் நொடிக்கு 9.7 மீட்டர் கூடுகிறது. வேகம் பூஜ்யமாக இருக்கும் அந்த இடத்தில்தான் விசைகளின் ஏற்றத்தாழ்வு மிக அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. தடுக்கக் காற்று இல்லை என்றே சொல்லலாம். 34 நொடிகளில் அவர் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டார். இதை நாமே சரிபார்க்கலாம்: 9.7-ஐ 34-ஆல் பெருக்கினால் நொடிக்கு 330 மீட்டர் வருகிறது. அங்குள்ள குளிரில் ஒலியின் வேகம் நொடிக்கு 310 மீட்டர் அளவுக்குத்தான். காற்றே இல்லாத கணக்கும் உண்மையில் நடந்ததும் இவ்வளவு நெருங்கி வருவதிலிருந்தே, அதுவரை எடையை எதிர்க்கப் பெரிதாக எதுவும் இல்லை என்று தெரிகிறது.

அப்புறம் நிலைமை மாறுகிறது. குதித்து ஏறக்குறைய 50 நொடிகள் ஆனபோது, சுமார் 28 கிலோமீட்டர் உயரத்தில், அவர் வேகம் உச்சத்தைத் தொட்டது: மணிக்கு 1,357.6 கிலோமீட்டர். காற்றே இல்லாதிருந்தால் 50 நொடியில் 1,700-ஐத் தாண்டியிருப்பார். அந்த உச்சத்தில் அவர் மேல் செயல்பட்ட விசைகள் என்ன நிலையில் இருந்தன? வேகம் அதுவரை கூடிக்கொண்டே வந்தது, அதற்குப் பிறகு குறையத் தொடங்கியது. கூடுவதும் குறைவதும் சந்திக்கும் அந்தப் புள்ளியில் முடுக்கம் பூஜ்யம். முடுக்கம் பூஜ்யம் என்றால் தொகுபயன் விசை பூஜ்யம். எடையும் காற்றுத் தடையும் மிகச் சரியாகச் சமம். வாழ்நாளிலேயே அவர் மிக வேகமாக விழுந்த கணத்தில் அவர் மேல் இருந்த நிகர விசை சுழி!

உங்கள் கேள்விக்கு இதைத்தான் காட்ட விரும்பினேன். குதித்த கணத்தில் வேகம் சுழி, விசை முழுமை. ஐம்பதாவது நொடியில் வேகம் உச்சம், விசை சுழி. விசை எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பது வேகத்தின் மாற்றத்தோடுதான். இந்தக் கணத்தில் வேகம் எவ்வளவு என்பதை வைத்து விசையைச் சொல்ல முடியாது, விசையை வைத்து வேகத்தையும் சொல்ல முடியாது.

அடுத்து வருவது பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடும் பகுதி. உச்ச வேகத்தைத் தொட்ட பிறகு பாம்கார்ட்னர் அதே 1,357-ல் தொடர்ந்து விழவில்லை. கீழே போகப் போகக் காற்று அடர்த்தியாகிக்கொண்டே வருகிறது. அதே வேகத்துக்கு இப்போது கூடுதல் தடை. எடை அப்படியே இருக்க, மேல்நோக்கிய தடை எடையை மிஞ்சிவிட்டது. தொகுபயன் விசை மேல்நோக்கித் திரும்பிவிட்டது. அதற்காக அவர் மேலே போகவில்லை, கீழேதான் விழுந்துகொண்டிருந்தார், வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பாராசூட்டைத் தொடாமலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்து, மேலும் மேலும் குறைந்து, கடைசியில் சாதாரண பாராசூட் வீரர்கள் விழும் வேகத்துக்கே வந்துவிட்டார். நிகர விசை ஒரு திசையில், பயணம் எதிர்த் திசையில் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா?

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு உண்டு. காற்றுத் தடை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது, கூடவே வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆகவே காற்று 50 மடங்கு மெலிந்த இடத்தில் எடையைச் சமன்செய்ய வேகம் 50-இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 7 மடங்கு இருக்க வேண்டும். தரைக்கு அருகில் வயிறு கீழாகக் கைகால் விரித்து விழுபவரின் முற்றுத் திசைவேகம், அதாவது எடையும் தடையும் சமமாகி அதற்கு மேல் கூடாமல் நிற்கும் வேகம், மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். 28 கிலோமீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். 200-ஐ 7-ஆல் பெருக்கினால் 1,400. உண்மையில் பதிவானது 1,357. ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை இன்னும் சிக்கலாக நடந்துகொள்ளும், உடலின் நிலையும் மாறும், அதனால் இதைத் தோராயக் கணக்கு என்றே கொள்ளுங்கள். இருந்தும் ஒரு தாளில் போட்ட கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதே பாடத்தை இன்னொரு குதிப்பும் உறுதிசெய்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 2014 அக்டோபர் 24 அன்று, ஆலன் யூஸ்டஸ் இன்னும் உயரத்திலிருந்து, 41,419 மீட்டரிலிருந்து விழுந்தார். அதிக உயரம் என்றால் அதிக வேகம் வந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அவருடைய உச்ச வேகம் மணிக்கு 1,322 கிலோமீட்டர்தான். உடல் சுழன்றுவிடாமல் இருக்க அவர் ஒரு சிறிய நிலைநிறுத்தும் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு விழுந்தார். அது கூடுதல் தடையைத் தந்ததால் சமநிலை சற்றுக் குறைந்த வேகத்திலேயே வந்துவிட்டது. 1960-ல் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த ஜோசஃப் கிட்டிங்கரும் அப்படி ஒரு சிறிய பாராசூட்டை வைத்திருந்தார். பாம்கார்ட்னர் அது இல்லாமல் குதித்தார், நடுவில் கட்டுப்பாடு இழந்து பம்பரமாகச் சுழலவும் செய்தார். விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருந்தாலும் அவை ஒரே கோட்டில் செயல்படாவிட்டால் பொருள் சுழலத் தொடங்கும். இதைத்தான் இயற்பியலில் இரட்டை என்கிறோம். குழாயைத் திருகும்போது இரண்டு விரல்கள் எதிரெதிராகத் தள்ளுகின்றன, குழாய் இடம் பெயர்வதில்லை, சுழல்கிறது. பத்தாம் வகுப்பில் "சமம், எதிர்த்திசை" என்று படித்ததோடு "ஒரே நேர்கோட்டில்" என்ற சொல்லையும் சேர்த்துப் படியுங்கள்.

முற்றுத் திசைவேகம் ஏன் இவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 200-ல் விழும் ஒருவர் ஏதோ காரணத்தால் 190-க்கு இறங்கினால் காற்றுத் தடை குறையும், எடை மிஞ்சும், வேகம் மறுபடி கூடும். 210-க்கு ஏறினால் தடை மிஞ்சும், வேகம் குறையும். எந்தப் பக்கம் நழுவினாலும் 200-க்கே திரும்பி வருகிறார். இப்போது நீங்கள் கேட்டதை இதற்குள் வைத்துப் பாருங்கள். அவர் அந்தரத்தில் நின்றுவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். நின்ற கணத்தில் காற்றுத் தடை சுழியாகிவிடும், எடை மட்டும் மிஞ்சும், உடனே விழத் தொடங்குவார். காற்றைக் கிழித்துக்கொண்டு விழுவதால்தான் காற்றுத் தடையே பிறக்கிறது. விழுவது நின்றால் சமநிலையும் போய்விடும்.

இனி பாராசூட் விரியும் கட்டம். பாம்கார்ட்னர் அதை விரித்தது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,500 மீட்டரில். கணக்குக்காக, அதற்குச் சற்று முன் ஒருவரின் வேகம் நொடிக்கு 55 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணி விரிந்ததும் காற்றைத் தடுக்கும் பரப்பு பல மடங்காகிறது. விரியும் நேரத்தில் தடை சராசரியாக எடையைப் போல மூன்று மடங்கு என்றால், நிகர விசை எடையைப் போல இரண்டு மடங்கு, திசை மேல்நோக்கி. வேகம் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 மீட்டர் குறையும். இரண்டரை நொடியில் 55-லிருந்து 5 அல்லது 6-க்கு வந்துவிடுவார். அங்கே மறுபடி எடையும் தடையும் சமம், புதிய முற்றுத் திசைவேகம். இந்த நேரம் முழுவதும் அவர் ஒரு அடிகூட மேலே போகவில்லை. வீடியோவில் மேலே பறப்பதுபோலத் தெரிவது, படம் பிடிப்பவரும் அருகிலேயே மணிக்கு 200-ல் விழுந்துகொண்டிருப்பதால்தான். ஒருவர் வேகம் குறைய மற்றவர் குறையாமல் கீழே போய்விடுகிறார், கேமராவின் பார்வையில் முதலாமவர் மேலே போனதுபோல் ஆகிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, காற்றே இல்லாத இடம் ஒன்றையும் சொல்கிறேன். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கீழே விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அங்கே எடையை எதிர்க்க எதுவுமே இல்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் நிலவில் முற்றுத் திசைவேகம் என்ற ஒன்று வராது, கடைசிவரை வேகம் கூடிக்கொண்டேதான் போகும்.

மாணவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இன்னொரு இடம் நியூட்டனின் மூன்றாம் விதி. "ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிறீர்களே, அப்படியானால் எல்லா விசைகளும் எப்போதும் சமன்தானே, பிறகு எதுவும் எப்படி நகரும்?" என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். விடை, அந்த இரண்டு விசைகளும் யார் மேல் செயல்படுகின்றன என்பதில் இருக்கிறது. பூமி குதிப்பவரைக் கீழே இழுக்கிறது. அதற்கு இணையான எதிர்விசை, அவர் பூமியை மேலே இழுப்பது. முதலாவது அவர் மேல், இரண்டாவது பூமியின் மேல். காற்று அவரை மேலே தள்ளுகிறது, அவர் காற்றைக் கீழே தள்ளுகிறார். இவையும் வெவ்வேறு பொருள்களின் மேல். சமன்செய்யப்பட்டவையா என்று பார்க்க ஒரே பொருளின் மேல் செயல்படும் விசைகளை மட்டும் கூட்ட வேண்டும். குதிப்பவரின் மேல் எடையும் காற்றுத் தடையும் சமமாகலாம், சமமாகாமலும் போகலாம். மூன்றாம் விதி ஜோடி எப்போதும் சமம், ஆனால் ஒன்றையொன்று ஒருபோதும் ரத்துசெய்யாது. கணக்குப் போடும்போது ஒரு பொருளை மட்டும் வரைந்து, அதைத் தொடுகிறவையும் இழுக்கிறவையும் என்னென்ன என்று அம்புக்குறி போடும் பழக்கம் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

உடலுக்கு என்ன தெரியும் என்பதும் சுவையானது. குதித்த முதல் சில நொடிகளில் நிகர விசை மிக அதிகம், ஆனால் குதிப்பவருக்கு எடையே இல்லாததுபோல் இருக்கும். முற்றுத் திசைவேகத்தில் நிகர விசை சுழி, அப்போதுதான் தன் எடை முழுவதையும் உணர்வார், காற்று மெத்தைபோலத் தாங்குவதுபோல் இருக்கும். நம் உடல் புவியீர்ப்பை நேரடியாக உணர்வதில்லை, நம்மைத் தொட்டுத் தாங்கும் விசையைத்தான் உணர்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களைப் பார்த்து அங்கே விசையே இல்லை என்று நினைப்பது இதனால்தான். 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் உண்டு. அதைச் சமன்செய்ய அங்கே எதுவும் இல்லை. நிலையம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, வேகம் பெரிதாக மாறுவதில்லை, திசைதான் ஒவ்வொரு கணமும் வளைகிறது. திசை மாறினாலும் திசைவேகம் மாறியதாகத்தான் கணக்கு. ஆக அது முழுக்க முழுக்கச் சமன்செய்யப்படாத விசையில் நடக்கும் இயக்கம். "சீரான வேகம்" என்று கண்டதும் விசைகள் சமம் என்று எழுதிவிடாதீர்கள். நேர்கோட்டில் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

தரையிறங்கும்போது கடைசியாக ஒரு சமன்செய்யப்படாத விசை. நொடிக்கு 5 மீட்டரில் வரும் 120 கிலோவை, கால்களை விறைப்பாக வைத்துக்கொண்டு பத்தில் ஒரு நொடியில் நிறுத்தினால் நிகர விசை 6,000 நியூட்டன். முழங்காலை மடக்கியோ சில அடி ஓடியோ அரை நொடியில் நிறுத்தினால் 1,200 போதும். திசைவேக மாற்றம் இரண்டிலும் ஒன்றுதான், எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் வேறு.

தரையில் நின்ற பிறகு எடையும் தரையின் செங்குத்து விசையும் சமம் என்று எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும், அப்படியே எழுதுங்கள். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், பூமி சுழல்வதால் நாம் நிற்கும்போதும் ஒரு பெரிய வட்டத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். நிலநடுக்கோட்டில் நிற்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த வட்டத்தில் வைத்திருக்க, பூமியின் மையத்தை நோக்கி ஏறக்குறைய 2 நியூட்டன் நிகர விசை தேவைப்படுகிறது. தரை அவரைத் தாங்கும் விசை புவியீர்ப்பைவிட அந்த 2 நியூட்டன் அளவுக்குக் குறைவாக இருக்கிறது.